கண் வெட்டாத கருவி

லதீசனின் வேலை என்னவென்று அவனுடைய சொந்தக்காரர் ஒருவருக்கும் இதுவரை விளங்கியதில்லை. பாதிப்பேர் அவனை "வெதர் பாக்கிறவர்" என்று அறிமுகப்படுத்துவார்கள். மிச்சப்பேர் பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில் என்று எங்கே கண்டாலும் "தம்பி, நாளைக்கு மழை வருமோ?" என்று கேட்பார்கள். மழை வருவது அவனுடைய பிரிவே அல்ல. வந்த மழை திரும்பிப் போவதுதான் அவனுடைய பிரிவு. மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகி மேலே போகிற தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஒஸ்லோவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அவனை வைத்திருக்கிறது. இதைச் சொன்னால், "போனதைக் கணக்குப் பாத்து என்ன செய்யிறது?" என்று கேட்பார்கள். அதற்கு அவனிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. அது முடிவதற்குள் கேட்டவர் இரண்டாவது ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவார்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், செடிகொடிகளை ஆராய்கிற இந்த மனிசனுக்குச் செடிகொடி ஆகாது. மே மாதம் பிறந்தால் பூந்தூள் அலர்ஜி தொடங்கிவிடும். புல்வெளிப் பக்கம் போனால் கண் இரண்டும் குழாய் திறந்துவிட்டதுபோல் ஓடும். ஒருமுறை பூங்காவில் நின்றவனைப் பார்த்து, வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்து ஒரு நோர்வேக் கிழவி கட்டியணைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நிலத்தைத் தொடாமல் தூரத்திலிருந்தே அளக்கிற விஞ்ஞானத்தை அவன் தேடிப் பிடித்ததற்கு இதுதான் காரணம் என்று மனைவி மயூரா சொல்லுவாள். அவன் மறுப்பதில்லை.

மழை வருமோ என்று கேட்காத ஒரே ஆள் அவனுடைய மாமி, மயூராவின் அம்மா சிவநாயகிதான். அவர் மழையைப் பற்றி மட்டுமல்ல, அவனுடைய வேலையைப் பற்றியே கேட்டதில்லை. நல்ல வேலை என்று சொன்னதில்லை, கூடாத வேலை என்றும் சொன்னதில்லை. மூத்த மருமகன் பல் வைத்தியர். அவருடைய பேச்சு வந்தால் மாமிக்கு நேரம் போவது தெரியாது. இளையவனிடம், "சாப்பிட்டியளோ தம்பி?" என்பதோடு கதை முடிந்துவிடும். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் லதீசனை அரித்தது.

அந்தக் கோடை ஒஸ்லோவில் மழையே இல்லை. பியோர்ண்டாலில் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருக்கிற பாத்தித் தோட்டத்தில் சிவநாயகிக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடக்கூடாது என்று நகரசபை சொல்லிவிட்டது. மிஞ்சியது மழைநீர்த் தொட்டி ஒன்றுதான். தொட்டித் தண்ணீரை யாருக்கு விடுவது என்று ஒவ்வொரு பின்னேரமும் சண்டை. சங்கத்தின் தலைவர் ஒட்வார், ஓய்வுபெற்ற ரயில் சாரதி, சண்டை என்றால் சங்கடப்படுகிற நல்ல மனிதர். இதை மயூரா மூலம் கேள்விப்பட்ட லதீசனுக்கு உடம்பெல்லாம் உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அவனுடைய பகுதித் தலைவி இங்கெபோர்க் அவனுக்கு ஏற்கெனவே கெடு வைத்திருந்தாள். அவன் வருடக்கணக்காகத் தனியே உட்கார்ந்து கட்டிய 'மாதிரி', அதாவது ஆவியாகிற தண்ணீரைச் சொல்கிற கணினிக் கணக்கு, உண்மையான ஒரு நிலத்தில் சரிவருகிறது என்று இந்தக் கோடைக்குள் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அதை மூடிவிட்டு மற்றவர்களின் அறிக்கைகளுக்குப் படம் கீறப் போகவேண்டும்.

எந்தப் பாத்தி எல்லாவற்றையும்விடக் கூடுதலாகத் தவிக்கிறது என்று தன் மாதிரி சொல்லும், அதற்கு மட்டும் தண்ணீர் விடுங்கள் என்று அவன் ஒட்வாரிடம் கேட்டான். இனிமேல் தான் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை என்ற ஆறுதலிலேயே ஒட்வார் சம்மதித்துவிட்டார்.

முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, லதீசன் பாத்திக்கு ஒன்றாகக் கருவிகளை நட்டான். ஒரு தடி. அதன் உச்சியில் விரல் தடிப்பில் ஒரு கறுத்தக் குழல். குழலின் நுனியில் சின்னக் கண்ணாடி, நடைபாதைப் பக்கம் பார்த்தபடி, கீழே இலைகளை நோக்கிச் சரிந்திருந்தது. சிவநாயகி தன் பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது என்ன தம்பி, கமராவோ?"

"இல்லை மாமி. இலையின்ரை சூட்டைப் பாக்கிற சாமான்."

"தொடாமலோ?"

"தொடத் தேவையில்லை. தள்ளி நிண்டு பாக்கும்."

"எந்த நேரமுமோ?"

"ஓம் மாமி. இரவு பகல் இல்லை. கண் வெட்டாமல் பாத்துக்கொண்டே நிக்கும்."

சிவநாயகி ஒருதரம் குழலைப் பார்த்தார். ஒருதரம் பூசணியைப் பார்த்தார். அது அப்போது ஒரு தேசிக்காய் அளவுதான் இருந்தது. மாமி வாய் திறந்து கேள்வி கேட்ட சந்தோசத்தில் லதீசன் முழு விஞ்ஞானத்தையும் அவிழ்த்து வைத்தான்.

"வெயில் தாறதிலை கொஞ்சம் மண்ணுக்கை போகும் மாமி. கொஞ்சம் காத்தைச் சூடாக்கும். மிச்சம்தான் இலையிலையிருந்து தண்ணியை ஆவியாக்கிறது. தண்ணி குடிச்ச இலை வேர்க்கும், அதாலை குளிர்ந்து கிடக்கும். தண்ணி இல்லாத இலை வேர்க்காது, கொதிக்கும். அந்த மிச்சத்தை நேரை அளக்கேலாது. மற்றது எல்லாத்தையும் அளந்து கழிச்சுப்போட்டுத்தான் கண்டுபிடிக்கலாம்."

"அப்ப நீங்கள் தேடுறதை நீங்கள் பாக்கிறேல்லை."

"அப்பிடித்தான் மாமி."

"சரி," என்றார் சிவநாயகி. "சாப்பிட்டியளோ?"

அன்றோடு லதீசன் தோட்டத்தை மறந்தான். நிலையத்தில் குளிரூட்டிய அறை இருந்தது, ஜன்னல் பூட்டியிருந்தது, பூந்தூள் இல்லை. கருவிகள் தாமாகவே சூட்டை அனுப்பின. அவன் பின்னேரமானால் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் என்று ஒட்வாருக்குச் செய்தி அனுப்புவான். ஒட்வார் அதைக் கடவுள் வாக்காக எடுத்துக் குழாயை இழுத்துக்கொண்டு போவார்.

இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் சிவநாயகியின் பாத்தி கொதிக்கத் தொடங்கியது. சாதாரணக் கொதி அல்ல. பக்கத்துப் பாத்திகளில் இலைகள் மத்தியான வெயிலில் சுகமாக வேர்த்துக்கொண்டிருக்க, மாமியின் பூசணி மட்டும் தார் ரோட்டுப் போலச் சுட்டது. மாதிரி கழித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கொடியிலிருந்து ஒரு துளி தண்ணீரும் போகவில்லை, அது செத்துக்கொண்டிருக்கிறது என்றது. லதீசன் பதறிப்போய்த் தண்ணீர் விடச் சொன்னான். ஒட்வார் விட்டார். அடுத்த நாளும் கொதித்தது. மறுபடியும் விடச் சொன்னான். மாமிக்குச் சலுகை காட்டுகிறேனோ என்று ஒருதரம் யோசித்தான். இல்லை, இலக்கம் சொல்கிறது, நான் சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஒரு கிழமை போனதும் அருட்பிரகாசம் தொலைபேசி எடுத்தார். மாமியின் பாத்திக்கு அடுத்த பாத்தி அவருடையது. மன்னார்க்காரர், பஸ் ஓட்டுகிறவர், மனதில் பட்டதைச் சத்தமாகச் சொல்கிறவர்.

"தம்பி, உங்கடை மெசினுக்கு மாமியின்ரை பக்கம் மட்டும்தான் தெரியுதோ?"

"ஏன் அங்கிள்?"

"என்ரை போஞ்சிக் கொடி வாடித் தொங்குது. அக்காவின்ரை பூசணி ஆனைக்குட்டி மாதிரி ஊதிக்கொண்டு வருது. தண்ணி முழுக்க அங்கைதான். அவ வேறை அங்கை ஒரு..."

"அங்கிள், கண்ணாலை பாத்துச் சொல்லேலாது. உங்கடை இலை மாமியின்ரை அளவுக்குச் சுடேல்லை. எனக்கு இஞ்சை தெரியுது."

"எனக்கு இஞ்சை அங்கையெல்லாம் தெரியாது தம்பி. எனக்கு முன்னாலை போஞ்சி வாடுது," என்று சொல்லிவிட்டு அருட்பிரகாசம் வைத்துவிட்டார்.

பூசணி ஊதுகிறது என்ற செய்தி லதீசனைக் கொஞ்சம் உலுப்பத்தான் செய்தது. வேர்க்காத கொடி எப்படிக் காய் பெருக்கும்? வேறு யாராவது என்றால் பஸ் ஏறிப்போய்ப் பார்த்திருப்பார்கள். லதீசன் கதிரையைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து ஒரு கொள்கையை உருவாக்கினான். வடக்கின் நீண்ட பகல்களில் பூசணி தன் இலைத் துளைகளை மூடிக்கொண்டு தண்ணீரைக் காய்க்குள் பதுக்குகிறது. உலகத்தில் எவரும் இதுவரை கவனிக்காத விசயம். கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டான்.

"ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்," என்றாள் மயூரா. "எங்கடை மோர்டென்ஸ்ருட்டிலையிருந்து பியோர்ண்டால் என்ன அமெரிக்காவிலையோ கிடக்கு?"

"இப்ப புல்லுப் பூக்கிற நேரம்."

"அப்ப அம்மாவைக் கேளுங்கோ."

அவன் கேட்கவில்லை. மாமியிடம் போய், உங்கள் பூசணி ஏன் கொதிக்கிறது என்று எந்த மருமகன் கேட்பான்?

அடுத்த கிழமை தொற்று பரவியது. ஒட்வாரின் உருளைக்கிழங்கு கொதித்தது. அதற்குத் தண்ணீர் போனது. அதற்கடுத்த பாத்தி கொதித்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் கொதித்தன, அருட்பிரகாசத்தின் போஞ்சியைத் தவிர. ஒரு வெள்ளிக்கிழமை மாதிரி கழித்துக் கழித்துப் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. அதாவது, கொளுத்துகிற மத்தியானத்தில் பியோர்ண்டால் தோட்டத்துக்கு வானத்திலிருந்து பனி இறங்குகிறது என்றது. லதீசன் அதைக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். அறைக்குள் பூந்தூள் இல்லை. இலக்கம்தான் அப்படி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் இங்கெபோர்க் கதவைத் தட்டி, "திங்கட்கிழமை தோட்டத்தைப் பார்க்க நானும் வருகிறேன். பார்த்துவிட்டு முடிவெடுப்போம்," என்றாள்.

திங்கட்கிழமை லதீசன் அலர்ஜிக்குக் குளிசை விழுங்கிவிட்டு இங்கெபோர்க்கைக் கூட்டிக்கொண்டு போனான். தோட்டத்தின் படலையைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சிவநாயகியின் பாத்தியில், இலைகளுக்கு நடுவே, ஒரு தடியில் பூச்சட்டி ஒன்று கவிழ்த்துக் குத்தியிருந்தது. சட்டிக்கு மினுக்கமில்லாத கறுப்புப் பூச்சு. அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள், இரண்டு உருண்டைக் கண், மேலே முறுக்கிய மீசை. ஊரில் கத்தரித் தோட்டத்திலும் கட்டி முடியாத வீட்டிலும் கண்ணூறு படாமல் வைக்கிற அதே சட்டி. அது நேராகக் குழலின் கண்ணாடிக்கு முன்னால் நின்றது. கருவி இத்தனை நாளும் பூசணி இலையைப் பார்க்கவில்லை. வெயிலில் சுட்டுக் கிடந்த கறுத்தச் சட்டியைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒட்வாரின் பாத்தியிலும் ஒரு சட்டி. அதற்கும் மீசை. அதற்கு அப்பாலும் சட்டி. தோட்டம் முழுக்கக் கறுத்தச் சட்டிகள் விழி பிதுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒட்வார் பெருமையோடு ஓடிவந்து விளக்கினார். சிவநாயகி சட்டி வைத்த பிறகுதானே பூசணி இப்படி வளர்ந்தது? இது தமிழர்களின் பழைய வேளாண்மை முறையாக இருக்கவேண்டும். பகலில் சட்டி சூட்டைப் பிடித்து இரவில் செடிக்குக் கொடுக்கிறது. அதனால் அவர் அளவு நாடா வைத்துத் தூரம் எடுத்து, அதே இடத்தில், அதே சரிவில் எல்லாருக்கும் வைத்துக் கொடுத்துவிட்டார். வைத்த உடனே தண்ணீரும் தவறாமல் கிடைத்தது. சட்டியை நம்பாமல் வேறு எதை நம்புவது?

"நான் சொன்னனான், மாதா காப்பாத்துவா, சட்டி வேண்டாம் எண்டு," என்றார் அருட்பிரகாசம். அவருடைய பாத்தியில் சட்டி இல்லை. தோட்டத்திலேயே உண்மையான இலையைப் பார்த்த ஒரே கருவி அவருடையது. எவ்வளவு வாடிய இலையும் கறுத்தச் சட்டியளவு கொதிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காத ஒரே பாத்தியும் அதுதான். போஞ்சி தடியைச் சுற்றிப் பழைய கயிறாகத் தொங்கியது.

இங்கெபோர்க் சட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முகம் மலர்ந்தது. "லதீசன், இது அருமை. சூட்டுக் கருவியைச் சரிபார்க்க முன்னால் கரும்பொருள் ஒன்றை, வெயிலை முழுக்க உறிஞ்சுகிற கறுப்புச் சாமானை, வைத்திருக்கிறாய். கடையில் வாங்கினால் என்ன விலை! நீ பூச்சட்டியில் செய்திருக்கிறாய். மீசை ஏன்?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மீசைக்கும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். மாதிரி தப்பும், அவனும் தப்புவான், மாமியும் தப்புவார். லதீசன் வாயையும் திறந்துவிட்டான். அப்போது அருட்பிரகாசம் ஒரு வாடிய போஞ்சியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

"இல்லை," என்றான். "என் மாமி வைத்தது. என் கருவி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் பூசணிக்குக் கண்பட்டுவிடும் என்று நினைத்திருக்கிறார். என்னிடம் சொல்ல மரியாதை விடவில்லை. அந்த அங்கிள் சொல்லச் சொல்ல நான் வந்து பார்க்கவும் இல்லை. பூசணி ஒன்றையும் பதுக்கவில்லை. நான்தான் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்."

இங்கெபோர்க் அவனைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், பிறகு ஒரு பாத்தியின் வரம்பில் குந்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. "சரி," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எடு எல்லாவற்றையும்."

லதீசன் மாமியிடம் போனான். சிவநாயகி வடை போட்ட பெட்டியோடு நின்றிருந்தார். "மாமி, சட்டியைக் கொஞ்சம் எடுக்கலாமோ?" என்று கேட்டான். அவர் தலையாட்டினார். ஒட்வார் மனமில்லாமல் ஒவ்வொரு சட்டியாகப் பிடுங்கினார்.

லதீசன் மடிக்கணினியைத் தொட்டியின் மூடியில் வைத்துத் திறந்தான். எல்லாரும் சுற்றி நின்றார்கள். கொதிப்பு இறங்கத் தொடங்கியது. இலைகளின் சூடு ஒவ்வொன்றாக வந்தது. பனி நின்றுபோனது. மாதிரி அமைதியாகக் கழித்து, மாமியின் பூசணி தொண்டை வரை குடித்துவிட்டு வேர்த்துக்கொண்டிருக்கிறது, அடுத்த பாத்திப் போஞ்சி தவித்துப்போய்க் கிடக்கிறது என்று சொன்னது. இங்கெபோர்க் மாமியின் பாத்தியில் விரலைக் குத்தினாள். சேறு. அருட்பிரகாசத்தின் பாத்தியில் குத்தினாள். விரல் இறங்கவில்லை.

"மாதிரியில் பிழையில்லை," என்றாள். "அடுத்த வருடமும் தொடர்வோம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கிழமையும் நீயே இங்கே வந்து, கருவி எதைப் பார்க்கிறது என்று உன் கண்ணால் பார்க்கவேண்டும்."

லதீசன் பூத்துக் குலுங்கிய புல்லைப் பார்த்தான். "ஓம்," என்றான்.

ஒட்வார் குழாயை இழுத்துக்கொண்டு போஞ்சிப் பக்கம் போனார். அருட்பிரகாசம், "ஆறுதலா விடுங்கோ, வேரிலை விடுங்கோ," என்று தமிழிலேயே கட்டளை போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். இங்கெபோர்க் வடையோடு அவர்களுக்குப் பின்னால் போனாள். பூசணிக்குப் பக்கத்தில் மருமகனும் மாமியும் மட்டும் நின்றார்கள்.

"மாமி, பூசணிக்குக் கண்ணூறு படும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் உதை வேறை இடத்திலை நட்டிருப்பனே," என்றான் லதீசன்.

"பூசணிக்கோ?" சிவநாயகி அவனை விசித்திரமாகப் பார்த்தார். "பூசணிக்கு ஆர் கண்ணூறு போடுறது? இஞ்சை எல்லாரிட்டையும் பூசணி கிடக்கு."

"அப்ப சட்டி?"

"உங்கடை சாமானுக்குத்தான். நட்ட நாள் தொட்டு இந்தப் பாதையாலை போற சனம் முழுக்க நிண்டு அதைத்தானே பாத்தது. ஆர் வைச்சது, ஆர் வைச்சது எண்டு கேட்டால் நான் சொல்லாமல் இருக்கேலுமோ? என்ரை மருமகன்தான், தானே யோசிச்சுச் செய்தது, இலை வேர்க்கிறதையும் கண்டுபிடிப்பார் எண்டு சொன்னனான். ஒட்வாருக்குச் சொன்னனான். கடையிலை நிக்கிற பிள்ளைக்குச் சொன்னனான். கோயில்லையும் சொன்னனான். சொன்ன பிறகுதான் பயம் பிடிச்சுது, என்ரை வாயாலையே கண்ணூறு பட்டிடுமோ எண்டு. அதுதான் பாதைக்கும் அதுக்கும் நடுவிலை சட்டியை வைச்சனான். இப்ப அதையும் எடுத்தாச்சு. மிளகாய் சுத்தி எரிப்பம் எண்டால் நெருப்பு மூட்டவும் விடமாட்டினம்."

சொல்லிக்கொண்டே கைப்பையைத் துழாவி ஒரு கண்மைப் பென்சிலை எடுத்தார். குழலின் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதிலை வேண்டாம் மாமி," என்று லதீசன் மெதுவாக அவருடைய கையைப் பிடித்துத் தடிக்குக் கொண்டுபோனான். "இதிலை வையுங்கோ."

சிவநாயகி தடியில், கன்னம் இருக்கக்கூடிய உயரத்தில், ஒரு கறுத்தப் பொட்டு வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு திரும்பினார். மருமகனின் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ தம்பி, உங்களுக்கு இந்தப் புல்லு ஆகாதெல்லே. குளிசை போட்டனீங்களோ?"

"போட்டனான் மாமி," என்றான் லதீசன். அந்தக் குளிசை காலையிலிருந்து நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.